நிழலின் எடை

கோட்டூர்புரத்தில் அடையாற்றை ஒட்டிய தெருக்களிலும், அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் மதிலோரத்திலும் மாலை வேளையில் உலவுகிறவர்கள், எதிரே வரும் மனிதர்களுக்கு அதிகம் குறையாத எண்ணிக்கையில் நாய்களையும் சந்திப்பார்கள். கொழுத்த லாப்ரடார், ஓயாமல் குரைக்கும் பொமரேனியன், எப்போதாவது வெள்ளை வெளேரென்ற ராஜபாளையம் என்று பல ஜாதியினவும் அந்த ஊர்வலத்தில் உண்டு. அவற்றிடையே, வயது ஆறு மாதமே ஆன ஒரு குட்டி முன்னங்கால்கள் வெளிப்பக்கமாக வளைந்து, நாலடி நடப்பதும் உட்கார்ந்துகொள்வதுமாக வந்தால், அதை வளர்ப்பவரைப் பார்த்து நாலு பேர் நாலு யோசனை சொல்லாமல் விடுவதில்லை. யோசனை கேட்டுச் சலித்த பிறகு, குட்டி வைத்தியரிடம் போய்ச் சேர்கிறது. வைத்தியர் காலை எக்ஸ்ரே படம் எடுத்து, அதை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, ஒரு கணம் பார்த்துவிட்டுச் சொல்கிறார்:

"எலும்புல கால்சியமே இல்லை மாமி. என்ன சாப்பிடக் குடுக்கறீங்க?"

"பால்சாதம்தான் டாக்டர், மூணு வேளையும். எங்காத்துல வேற என்ன போட முடியும்? தினம் மொட்டைமாடி வெயில்ல வேற படுத்துண்டிருக்கு."

இந்தச் சிறிய சம்பாஷணைக்குள் மூன்று சந்தேகங்கள் அடங்கியிருக்கின்றன. பால் குடிக்கும் பிராணிக்கு எலும்பில் சத்துக் குறைவது எப்படி என்பது ஒன்று. சென்னை வெயிலில் கிடப்பதற்குப் பலனே இல்லையா என்பது மற்றொன்று. ஆனால் இவ்விரண்டுக்கும் முந்தியதும், சாதாரணமாக யாரும் வாய்விட்டுக் கேட்காததுமான சந்தேகம் மூன்றாவது: எக்ஸ்ரே படம் என்பது ஒரு நிழல்தானே? நிழலைப் பார்த்து உருவம் சொல்லலாம், முறிவு சொல்லலாம். ஒரு பொருளுக்குள் இன்னொரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்? இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி இந்த மூன்றாவது கேள்வியைப் பற்றியதே.

எலும்பு என்னும் கலவை

எலும்பை உயிரற்ற கல் என்று எண்ணுவது பொதுவான வழக்கம். கோழிக்கால் எலும்பு ஒன்றைக் கழுவி, வினிகர் ஊற்றிய சீசாவில் சில நாட்கள் ஊறப்போட்டு எடுத்தவர்கள் அப்படி எண்ணமாட்டார்கள். வெளிப்பார்வைக்கு அதே வடிவத்தோடு இருக்கும் அந்த எலும்பு, கையில் எடுத்து வளைத்தால் ரப்பராக வளையும். காடியின் புளிப்பு, எலும்பிலிருந்த சுண்ணாம்புப் பொருளைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியிருப்பது நாரினாலான சட்டம் மட்டுமே. நேர்மாறாக, எலும்பை நெருப்பிலிட்டு நன்றாகச் சுட்டால் நார் எரிந்துபோகும். வடிவம் கெடாமல் வெளுத்து நிற்கும் மிச்சத்தை விரலால் அழுத்தினாலே பொடியாகும். வளைந்து கொடுக்கும் நாரும், அழுத்தம் தாங்கும் தாதுவும் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவி நிற்கும் கலவையே எலும்பு. நீரை நீக்கிப் பார்த்தால் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாது. அது கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு நுண்ணிய படிகம்.

நாரின் பெயர் கொலாஜன். இதன் உள்ளமைப்பை உலகுக்குச் சொன்ன ஊர் சென்னை என்பதைக் கோட்டூர்புரத்துக்காரர்கள் சற்றே பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைமை வகித்த ஜி. என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தா என்னும் சகாவோடு சேர்ந்து, கங்காருவின் வால் தசைநாரின் மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அவை சிதறி விழும் கோலத்தை ஆராய்ந்து, கொலாஜன் மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்ட அமைப்பு என்று 1954-ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். தோலும் பெரும்பாலும் கொலாஜனே. அடையாற்றில் 1948-இல் அமைந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும், ராமச்சந்திரனின் மரபில் வந்த படிகவியல் துறை இயங்கும் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகமும், கோட்டூர்புரத்திலிருந்து மெதுவாக நடந்தே போய்ச் சேரக்கூடிய தூரத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன.

வைத்தியர் 'கால்சியம் இல்லை' என்று சொன்னது இந்தக் கலவையின் தாதுப் பகுதியைப் பற்றி. குறிப்பிட்ட அளவு எலும்பில் எவ்வளவு தாது அடங்கியிருக்கிறது என்பதை 'தாதுச் செறிவு' என்று சொல்வோம். பரிசோதனைச் சீட்டுகளில் போன் டென்சிட்டி என்று காண்பது இதுவே.

கதிரை விழுங்குவது யார்?

ஜெர்மானியரான ரான்ட்ஜன் 1895 நவம்பரில் எக்ஸ் கதிர்களைக் கண்டு, சில வாரங்களுக்குள் தம் மனைவியின் கையைப் படம் பிடித்தபோது, விரல் எலும்புகளும் மோதிரமும் தெளிவாக விழுந்தன; சதை மங்கலான நிழலாக நின்றது. இந்த வேற்றுமைக்குக் காரணம், எக்ஸ் கதிரை விழுங்கும் சக்தி எல்லா அணுக்களுக்கும் ஒன்றாக இல்லாமையே. அணுவின் கருவுக்குள் இருக்கும் புரோட்டான்களின் எண்ணிக்கையை அணுவெண் என்கிறோம். சதை என்பது பெரும்பாலும் நீரும் கொழுப்பும் புரதமும். அவற்றை ஆக்கும் கார்பனுக்கு அணுவெண் 6, நைட்ரஜனுக்கு 7, ஆக்சிஜனுக்கு 8. எலும்புத் தாதுவிலுள்ள பாஸ்பரஸுக்கு 15, கால்சியத்துக்கு 20. வித்தியாசம் இரண்டு மூன்று மடங்குதானே என்று தோன்றும். ஆனால் வைத்தியத்தில் வழங்கும் மிதமான வலிமையுள்ள கதிர்களைப் பொறுத்தவரை, அணுவெண் இரண்டு மடங்கானால், ஒரே எடையுள்ள பொருள் கதிரை விழுங்கும் சக்தி ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. ஆகையால் நிழலை உண்டாக்கும் காரியத்தில் கால்சியமே பெரும் பங்கு வகிக்கிறது. கொலாஜன் நார், சதையோடு சதையாக, ஏறக்குறையக் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

விழுங்குவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. கொடியில் உலரும் வேட்டியை ஒற்றையாக விரித்தால் சூரிய வெளிச்சத்தில் பாதி ஊடுருவுகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டாக மடித்துப் போட்டால் கால் பங்கும், நான்காக மடித்துப் போட்டால் பதினாறில் ஒரு பங்குமே மறுபுறம் வரும். ஒவ்வொரு மடிப்பும் தன்னிடம் வந்து சேர்ந்த வெளிச்சத்தில் ஒரே விகிதத்தைத் தடுக்கிறது. எக்ஸ் கதிரின் வழக்கமும் ஏறக்குறைய இதுதான். ஆகவே, புகுந்த கதிர் எவ்வளவு, வெளிவந்த கதிர் எவ்வளவு என்ற இரண்டும் தெரிந்தால், இடையே எத்தனை 'மடிப்பு' தாது இருந்தது என்று கணக்கிடலாம். நிழலுக்கு எடை உண்டு என்று நான் தலைப்பிட்டது இந்த அர்த்தத்தில்தான்.

கண் சொல்லும் சாட்சியம்

கொள்கை இவ்வளவு தெளிவாக இருக்க, வைத்தியர் படத்தைத் தூக்கிப் பார்த்தவுடனேயே செறிவைச் சொல்லிவிடலாமே என்றால், முடியாது. எலும்பின் தாதுவில் 30 முதல் 50 சதவிகிதம் வரையில் குறைந்த பிறகே சாதாரண எக்ஸ்ரே படத்தில் கண்ணுக்கு நிச்சயமாகத் தெரியும் என்பது வைத்திய நூல்கள் யாவும் ஒப்புக்கொள்ளும் விஷயம். நம்முடைய குட்டியின் படத்தைக் கண்ட மாத்திரத்தில் வைத்தியர் சொல்லிவிட்டார் என்றால், அவருடைய பார்வையின் கூர்மை பாதியும், நோய் முற்றியிருந்தது பாதியுமாகவே இருக்கவேண்டும்.

இதற்குக் காரணங்கள் பல. கதிரின் வலிமையைச் சற்றே கூட்டினால் நல்ல எலும்பும் மெலிந்ததாகத் தோன்றும். குறைத்தால் மெலிந்த எலும்பும் கெட்டியாகத் தோன்றும். பிலிமைக் கழுவும் திராவகம் பழையதானாலும் நிறம் மாறும். காலில் சதை அதிகமிருந்தால் அதுவும் தன் பங்குக்கு நிழலைக் கூட்டும். இந்நாளில் பிலிம் போய், கணினித் திரையில் படம் வருவதனால் இத்தொல்லைகள் தீர்ந்துவிட்டன என்று பலர் நினைக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் ஒரு வகையில் நிலைமை மோசமாகியிருக்கிறது. வெளுத்துப்போன படத்தைக் கறுப்பாக்கியும் கறுத்துப்போனதை வெளுப்பாக்கியும், எல்லாப் படங்களையும் பார்வைக்கு ஒரே பதத்தில் காட்டும்படி அந்தக் கணினிகளைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். முறிவு தேடுகிறவருக்கு இது பேருபகாரம். செறிவு தேடுகிறவருக்கோ, தேடும் பொருளையே யாரோ முன்கூட்டித் துடைத்துவிட்ட கதை.

அலுமினியப் படிகள்

இந்தச் சங்கடத்திலிருந்து விடுபட ஒரு பழைய யுக்தி இருக்கிறது. அது இன்றும் பயனற்றுப் போகவில்லை. கதிரும், பிலிமும், திராவகமும், கணினியும் என்ன மாறுதல் செய்தாலும், அதே மாறுதலுக்கு ஆளாகும்படி, நமக்கு அளவு தெரிந்த ஒரு பொருளை எலும்பின் பக்கத்திலேயே வைத்து, இரண்டையும் ஒரே படத்தில் பிடித்துவிடவேண்டும். அதற்குத் தேர்ந்தெடுத்த உலோகம் அலுமினியம். அதன் அணுவெண் 13; நாரும் நீரும் தாதுவும் கலந்த எலும்பைச் சராசரியாக எடுத்துப் பார்த்தால், அது கதிரை விழுங்கும் விதம் ஏறக்குறைய இந்த உலோகத்தின் விதத்தை ஒத்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்று படிப்படியாக உயரும் சிறு அலுமினியக் கட்டை ஒன்றைச் செய்து கொள்கிறார்கள். அதைப் 'படியளவி' என்று அழைப்போம். படத்தில் அது, கறுப்பிலிருந்து வெண்மை வரை வரிசையாக நிற்கும் சதுரங்களாக விழும்.

இனி நம் குட்டியை ஓர் உதாரணமாக எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, முறை உண்மையானது.

குட்டிக்கு லேசான மயக்க மருந்து கொடுத்து, முன்னங்காலைப் பலகையின் மீது நீட்டி, பக்கத்தில் படியளவியை வைத்துப் படம் எடுக்கிறார்கள். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, முன்கை எலும்பின் நிழல் எந்தச் சதுரத்தின் நிறத்தோடு பொருந்துகிறது என்று பார்க்கையில், ஐந்தாம் படிக்கும் ஆறாம் படிக்கும் நட்டநடுவே பொருந்துகிறது, அதாவது 5.5 மில்லிமீட்டர் அலுமினியத்துக்குச் சமம். ஆனால் இது எலும்பின் நிழல் மட்டுமன்று. எலும்பின் மேலும் கீழும் உள்ள சதையின் நிழலும் இதில் சேர்ந்திருக்கிறது. எனவே எலும்புக்குச் சற்று ஒதுங்கி, சதை மட்டும் இருக்கும் இடத்தைப் பார்க்கிறார்கள், அது 2.5 மில்லிமீட்டருக்குச் சமமாக இருக்கிறது. 5.5-இலிருந்து 2.5-ஐக் கழித்தால் எஞ்சுவது 3. எலும்பு, 3 மில்லிமீட்டர் அலுமினியத்துக்குச் சமமான நிழல் தருகிறது.

ஆகாரத்தை மாற்றி, மூன்று மாதம் கழித்து, அதே காலை, அதே இடத்தில், அதே படியளவியோடு மறுபடியும் படம் எடுக்கிறார்கள். இம்முறை எலும்பிருக்கும் இடம் 7.3, குட்டி தேறிச் சதைபிடித்திருப்பதால் சதை மட்டும் உள்ள இடம் 3. கழித்தால் 4.3. மூன்று இருந்தது நாலே காலுக்கும் மேல் ஆகிவிட்டது. நூற்றுக்கு 43 பங்கு விருத்தி! குட்டியின் சொந்தக்காரர் சந்தோஷப்படுவார். வைத்தியர் அவசரப்படமாட்டார்.

ஏனென்றால், மூன்று மாதத்தில் குட்டி வளர்ந்திருக்கிறது. முதல் படத்தில் எலும்பின் குறுக்களவு 8 மில்லிமீட்டர். இரண்டாவது படத்தில் 10 மில்லிமீட்டர். பருத்த எலும்பு, உள்ளே தாது சற்றும் செறிவடையாமல் இருந்தாலும், பருமன் ஒன்றினாலேயே அதிக நிழல் தரும். கதிர் கடந்து செல்லவேண்டிய வழி நீண்டுவிட்டதல்லவா? எனவே நிழலைப் பருமனால் வகுத்துப் பார்க்கவேண்டும். முதலில் 3-ஐ 8-ஆல் வகுத்தால் 0.375. பிறகு 4.3-ஐ 10-ஆல் வகுத்தால் 0.43. ஒவ்வொரு மில்லிமீட்டர் பருமனுக்கும் கிடைக்கும் நிழல் 0.375-இலிருந்து 0.43-க்கு ஏறியிருக்கிறது; அதாவது செறிவின் உண்மையான விருத்தி நூற்றுக்குச் சுமார் 15. நாற்பத்து மூன்றில் மிச்சமெல்லாம் வெறும் வளர்ச்சி. வளர்ச்சியும் நல்லதே, ஆனால் நாம் அளக்கப் புறப்பட்டது அதுவன்று.

இந்தக் கணக்கில் இரண்டு இடங்களில் தோராயம் புகுந்திருப்பதைக் கூர்ந்து வாசித்தவர்கள் கவனித்திருப்பார்கள். எலும்பின் அகலத்தை அதன் கனமாகக் கொண்டது ஒன்று: நாயின் முன்கை எலும்பு முற்றிலும் உருண்டையானதன்று, சற்றே தட்டையானது. எலும்பின் பக்கத்திலுள்ள சதையே எலும்பின் மேலும் கீழும் இருப்பதாகக் கொண்டது மற்றொன்று. பிந்தியதைச் சரிக்கட்டக் காலைத் தண்ணீரில் அமிழ்த்திப் படமெடுத்து, எங்கும் ஒரே கனமுள்ள 'சதை' இருக்கும்படி செய்தவர்களும் உண்டு. மனிதர்களின் கைக்கு இது பொருந்தியது. நாயைத் தொட்டித் தண்ணீரில் காலை வைத்து அசையாமல் இருக்கச் சொல்வது எத்தகைய காரியம் என்பதை, அதைக் குளிப்பாட்டிப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

விண்வெளிக்குப் போன எலும்புகள்

கோட்டூர்புரத்திலேயே பிர்லா கோளரங்கம் இருப்பதனால் ஒரு சிறு கிளைக்கதைக்கு இடம் கேட்கிறேன். பாரமற்ற நிலையில் எலும்பு என்னவாகும் என்ற கவலை, விண்வெளிப் பிரயாணத்தின் தொடக்கத்திலேயே எழுந்தது. 1965-இல் ஜெமினி 4, 5, 7 ஆகிய கலங்களில் சென்ற அமெரிக்க வீரர்களின் குதிகால், விரல் எலும்புகளைப் புறப்படுமுன்னும் திரும்பிய பின்னும் எக்ஸ்ரே எடுத்து, பக்கத்தில் வைத்த அலுமினிய ஆப்பின் துணைகொண்டே, பாலின் மேக் என்ற அம்மையார் தாது இழப்பைக் கணக்கிட்டார். முதலில் வெளியான எண்கள் திடுக்கிட வைத்தன. பிற்பாடு அதே படங்களை மறுபரிசீலனை செய்தபோது, இழப்பு அவ்வளவு இல்லை என்று தெரிந்தது. படமெடுக்கும்போது கால் சற்றே திரும்பினாலும் எண் மாறிவிடும் முறை இது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

1966 பிப்ரவரியில் சோவியத் விஞ்ஞானிகள் வெதெரோக், உகோல்யோக் என்ற இரண்டு நாய்களைக் காஸ்மாஸ் 110 என்ற கலத்தில் ஏற்றி 22 நாட்கள் சுற்ற வைத்தார்கள். உயிரோடு இறங்கிய அந்த நாய்கள் தசை மெலிந்து, கால்சியம் இழந்து, சரிவர நடக்கவே மறுபடி பழகவேண்டியிருந்தது. எலும்பு தன்மீது விழும் பாரத்துக்கேற்பத் தன்னைக் கட்டிக்கொள்ளும் உயிருள்ள வஸ்து. பாரம் இல்லையேல் கட்டடத்தைத் தானே பிரிக்கத் தொடங்கிவிடும். முறிந்த காலை உலோகத் தகடு வைத்து இறுக்கினால், பாரத்தைத் தகடு வாங்கிக்கொள்வதால் அதன் கீழுள்ள எலும்பு காலப்போக்கில் மெலிவதும் இதனால்தான். நாய்களின் எலும்பில் செறிவளக்கும் அவசியம் அறுவை வைத்தியர்களுக்கு ஏற்படும் இடங்களில் இது ஒன்று.

இரண்டு கதிர்களின் உபாயம்

சதையைக் கழிக்கும் தொல்லைக்கு நிவர்த்தி வேறொரு திசையிலிருந்து வந்தது. அமெரிக்காவில் காமரன், சோரன்சன் என்னும் இருவர் 1963-இல், படம் பிடிப்பதையே விட்டுவிட்டு, ஒரே வலிமையுள்ள மெல்லிய கதிர்க் கற்றை ஒன்றை எலும்பின் குறுக்கே நகர்த்தி, மறுபுறம் வந்து சேரும் கதிரை நேரடியாக எண்ணும் கருவி ஒன்றை வெளியிட்டார்கள். அதன் சந்ததிதான் இன்று பெரிய மருத்துவமனைகளில் 'டெக்ஸா ஸ்கேன்' என்று வழங்குவது. 1987-ஆம் ஆண்டு முதல் அது விற்பனைக்கு வந்தது.

டெக்ஸாவின் சூட்சுமம், வலிமை குறைந்த கதிர் ஒன்றும் கூடிய கதிர் ஒன்றுமாக இரண்டைச் செலுத்துவதில் இருக்கிறது. வலிமை குறைந்த கதிரை எலும்பு சதையைவிட மிக அதிகமாக விழுங்குகிறது. வலிமை கூடிய கதிருக்கு எலும்பும் சதையும் அவ்வளவு வேறுபாடு காட்டுவதில்லை. தெரியாதவை இரண்டு: எலும்பு எவ்வளவு, சதை எவ்வளவு. அளந்தவையும் இரண்டு. பள்ளிக்கூடத்தில் இரண்டு சமன்பாடுகளைக் கொண்டு இரண்டு தெரியாத எண்களைக் கண்டுபிடித்த அதே விதத்தில், கருவி சதையைத் தானே கழித்துவிடுகிறது. தண்ணீர்த் தொட்டியும் வேண்டாம், பக்கத்துச் சதையைப் பார்க்கும் தோராயமும் வேண்டாம். உடலில் படும் கதிரும் மார்பு எக்ஸ்ரே ஒன்றைவிடக் குறைவே. ஆனால் சில நிமிஷங்கள் அசையாமல் படுத்திருக்கவேண்டும். நாய்க்கு மயக்க மருந்து தவிர வேறு வழியில்லை.

பருமனைப் பற்றிய சிக்கலை டெக்ஸாவும் தீர்க்கவில்லை. அதுவும் நிழலையே அளக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் நிழலுக்கு இத்தனை கிராம் தாது என்று சொல்லுமே தவிர, எலும்பின் ஆழத்தை அறியாது. மனிதர்களிடையே இது பெரிய இடைஞ்சலன்று. நம் உயரங்கள் ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு வேறுபடுவதில்லை. ஆகவே உலக சுகாதார நிறுவனம் 1994-இல், ஆரோக்கியமான இளம் பெண்களின் சராசரியோடு ஒப்பிட்டு, எலும்புத் தேய்வுக்கு இன்ன எண்தான் எல்லை என்று வரையறுக்க முடிந்தது. நாய் என்ற ஒரே ஜீவராசிக்குள், மடியில் தூங்கும் இரண்டு கிலோ சிவாவாவும் அறுபது கிலோவைத் தாண்டும் கிரேட் டேனும் அடங்கியிருக்கையில், 'சராசரி நாய்' என்று எதை வைத்துக்கொள்வது? கிரேட் டேனின் எலும்பு, செறிவு சமமாகவே இருந்தாலும், பருமனால் மட்டும் பன்மடங்கு எண் காட்டும். அதனால் நாய்க்கு, அதே ஜாதியில் அதே வயதுள்ள மற்றொன்றோடு, அல்லது எல்லாவற்றையும்விட மேலாக, அதே நாயின் முந்திய எண்ணோடு ஒப்பிடுவதே அர்த்தமுள்ள காரியம். இன்னொரு வேற்றுமையும் உண்டு: நம் வீட்டுப் பாட்டிமார்கள் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது போல வயதான நாய்கள் முறித்துக்கொள்வது அபூர்வம். நாய்களில் எலும்பு மெலிவு, முதுமையைவிட இளமையிலும், ஆகாரக் கோளாறிலும், சிறுநீரக நோயிலுமே அதிகமாகத் தலைகாட்டுகிறது.

ஆழத்தையும் அறிய வேண்டுமானால் சி.டி. ஸ்கேனுக்குப் போகவேண்டும். அங்கே கதிர் ஒரே திசையிலிருந்து வராமல், உடலைச் சுற்றிச் சுற்றி நூற்றுக்கணக்கான திசைகளிலிருந்து வருகிறது. அத்தனை நிழல்களையும் சேர்த்து உட்புறத்தைத் துண்டு துண்டாக மீட்டெடுக்கிறது கணினி. நிழல்களிலிருந்து வடிவத்தை விரைவாக மீட்கும் கணித வழியை 1971-இல் வெளியிட்டவர்களில் ஒருவர், கொலாஜனின் முறுக்கைக் கண்ட அதே ராமச்சந்திரன், ஏ. வி. லட்சுமிநாராயணன் அவரோடு சேர்ந்து அதை எழுதினார். பிற்காலத்து ஸ்கேன் கருவிகள் பலவும் அந்த வழியைப் பின்பற்றியே படம் தந்தன. எலும்பின் நாரையும், எலும்பை அளக்கும் கருவியின் கணக்கையும் ஒரே மனிதர் தொட்டிருப்பது விஞ்ஞான சரித்திரத்தில் அடிக்கடி நேராத விசேஷம். செறிவு அளக்கும் சி.டி.யிலும் நோயாளியின் கீழே, தாது அளவு தெரிந்த சிறு உருளைகளைக் கொண்ட ஒரு பலகையை வைக்கிறார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும்: படியளவி அங்கேயும் வேறு வேஷத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

1903-இல் தொடங்கி, இன்று வேப்பேரியில் இயங்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஆட்டோவில் நாயோடு போகும் குடும்பங்களில் பெரும்பாலோருக்குச் சாதாரண எக்ஸ்ரேயே போதும் என்பது உண்மை. விலை குறைந்த ஓர் அலுமினியக் கட்டை, அந்தச் சாதாரணப் படத்தைத் துல்லியத்துக்கு அருகில் கொண்டுவந்துவிடும் என்பதும் அதே அளவு உண்மை. அது இன்னும் அதிகமாக வழங்காதது எனக்கு வியப்பே.

பால்சாதத்தின் கணக்கு

எஞ்சிய இரண்டு சந்தேகங்களுக்கு வருவோம். நூறு கிராம் அரிசியை வடித்து, அதில் இருநூறு மில்லி பசும்பால் ஊற்றிப் பிசைந்தால், குட்டிக்குக் கிடைக்கும் கால்சியம் சுமார் 250 மில்லிகிராம். அநேகமாக அவ்வளவும் பாலிலிருந்து வந்தது, அரிசியின் பங்கு பத்து மில்லிகிராம் அளவுதான். வளரும் குட்டிக்கு ஒவ்வொரு ஆயிரம் கலோரி உணவுக்கும் ஏறக்குறைய மூன்று கிராம் கால்சியம் வேண்டும் என்பது வல்லுநர் கணிப்பு. மேற்சொன்ன பால்சாதத்தில் இருப்பது ஐந்நூறு கலோரிக்குச் சற்றுக் குறைவு. அதற்கு ஏற்ற கால்சியம் சுமார் 1,400 மில்லிகிராம். கிடைத்ததோ அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பாலில் தண்ணீர் கலந்திருந்தால் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். வயிறு நிறைகிறது, எலும்பு நிறையவில்லை.

இதோடு போகவில்லை. ஆகாரத்தில் கால்சியம் பாஸ்பரஸைவிடச் சற்றே மிகுந்திருக்கவேண்டும். பால்சாதத்தில் பாஸ்பரஸ்தான் மிகுதி. பால்சாதத்தை விட்டுவிட்டு எலும்பில்லாத கறியை மட்டும் போடும் வீட்டில் நிலைமை இன்னும் விபரீதம்: தனி இறைச்சியில் பாஸ்பரஸ், கால்சியத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் இருக்கிறது. இரத்தத்தில் கால்சியம் குறையத் தொடங்கியதும், கழுத்திலுள்ள பாராதைராய்டு என்னும் சிறு சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன. இருதயமும் நரம்பும் இயங்க இரத்தத்தில் கால்சியம் அத்தியாவசியமாதலால், எலும்பிலிருந்து அதை எடுத்துக்கொள்ளும்படி அவை ஆணையிடுகின்றன. ஆகவே இத்தகைய குட்டிகளின் இரத்தத்தைப் பரிசோதித்தால் கால்சியம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். குறை தெரிவது எலும்பின் நிழலில்தான்.

வெயில் விஷயத்தில் நாய் நம்மினின்றும் வேறுபட்ட பிராணி. மனிதத் தோல் வெயிலில் வைட்டமின் டி-யை உண்டாக்கிக்கொள்ளும். நாயின் தோலில் அதற்கான மூலப்பொருள் போதிய அளவு தங்குவதில்லை. நெதர்லாந்து நாட்டு உட்ரெக்ட் ஆராய்ச்சியாளர்கள் 1994-இல் இதைத் தெளிவாக்கினார்கள். கோட்டூர்புரத்து மொட்டைமாடியில் சித்திரை மாதம் முழுவதும் கிடந்தாலும் நாய்க்கு வைட்டமின் டி சாப்பாட்டின் வழியாகவே வரவேண்டும். மாடியில் அதற்குக் கிடைப்பது இளைப்பு மட்டும்.

இதைக் கேட்ட மறுநாளே மருந்துக்கடையில் கால்சியம் டானிக் இரண்டு பாட்டில் வாங்கி, ஏற்கெனவே சத்தெல்லாம் அளந்து கலந்த பாக்கெட் உணவைத் தின்னும் குட்டிக்கும் சேர்த்துப் புகட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய ஜாதிக் குட்டிகளுக்கு இது ஆபத்து. வளர்ந்த நாய், வேண்டாத கால்சியத்தைக் குடலிலேயே தள்ளிவிடும். சில மாதக் குட்டிக்கு அந்தத் தடுப்பு இன்னும் அமையவில்லை, கொடுத்ததில் பெரும் பங்கை உள்ளே வாங்கிக்கொள்ளும். உட்ரெக்டிலேயே 1980-களில் கிரேட் டேன் குட்டிகளுக்குத் தேவையைப் போல மூன்று மடங்கு கால்சியம் ஊட்டிப் பார்த்தபோது, அவற்றின் எலும்பு வளர்ச்சி தாறுமாறாகி, முன்கைகள் கோணின. பால்சாதக் குட்டியின் காலும் கோணல், டானிக் குட்டியின் காலும் கோணல். தெருவில் நடந்துபோகும்போது இரண்டையும் வேறுபடுத்துவது கடினம். ஆனால் படியளவியின் பக்கத்தில் வைத்துப் படமெடுத்தால், டானிக் குட்டியின் எலும்புத்தண்டில் தாதுவுக்குக் குறைவே இராது, செறிவு எண் நன்றாகவே வரும். அங்கே வைத்தியர் அலுமினியச் சதுரங்களை விட்டுவிட்டு, மணிக்கட்டின் அருகே, எலும்பு நீளும் இடமாகிய வளர்ச்சித் தட்டு ஒழுங்கற்று அகன்றிருக்கிறதா என்று பார்ப்பார். டானிக்கை நிறுத்தச் சொல்வார்.